விஷ மண்ணுக்குச் சர்க்கரைப் பாகு வைத்தியம்!

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பூமிக்கடியில் செய்யும் துப்புரவு வேலை

கிருமி என்றால் எல்லோருக்கும் பயம்.

காலரா, டைபாய்டு, காசநோய் எல்லாம் கிருமிகளால் வருகின்றன. அதனால் கிருமியைக் கண்டால் ஒழிக்க வேண்டும் என்றே நினைக்கிறோம்.

ஆனால் பாலைத் தயிராக்குவது கிருமி. இட்லி மாவைப் பொங்க வைப்பது கிருமி. சாணத்தையும் குப்பையையும் எருவாக்குவதும் கிருமிதான். நோய் கொடுக்கும் கிருமிகள் கொஞ்சம். நன்மை செய்யும் கிருமிகள் ஏராளம்.

அந்த நல்ல கிருமிகளுக்கு விஞ்ஞானிகள் இப்போது ஒரு பெரிய வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஆலைக் கழிவாலும், அணுக் கழிவாலும் கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தப்படுத்தும் வேலை!

கூலி என்ன தெரியுமா? சர்க்கரைப் பாகு!

பூமிக்குள் இறங்கியதை அள்ள முடியுமா?

புதுச்சேரி மாநிலத்தில், நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது கரியமாணிக்கம். பாகூர், வில்லியனூர் பக்கத்து ஊர்களைப் போல இதுவும் விவசாய ஊர். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி.

ஏரியில் தண்ணீர் இருந்தால் ஏரிப் பாசனம். இல்லாவிட்டால் போர் கிணறு. மோட்டாரைப் போட்டால் வயலுக்கும் தண்ணீர், வீட்டுக்கும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? பூமிக்கடியில் பெரிய குளம் எதுவும் இல்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே இருக்கும் சந்துகளில்தான் தண்ணீர் நிற்கிறது. மெதுவாக நகர்ந்து கொண்டும் இருக்கிறது.

ஓர் இடத்தில் விஷம் இறங்கினால் அது அங்கேயே நிற்காது. தண்ணீரோடு சேர்ந்து நகரும். சில ஆண்டுகள் கழித்து அடுத்த ஊர்க் கிணற்றில் தலை காட்டும்.

தரையில் கொட்டியதை மண்வெட்டியால் அள்ளி விடலாம். 50 அடி, 100 அடி ஆழத்துக்கு இறங்கி விட்டதை எப்படி அள்ளுவது? அவ்வளவு மண்ணையும் தோண்ட முடியுமா? அவ்வளவு நீரையும் இறைக்க முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய நிலைமை கரியமாணிக்கத்துக்கு வடமேற்கே, பாலாற்றங்கரையில் ஓர் ஊருக்கு வந்தது. அந்த ஊர் ராணிப்பேட்டை.

மஞ்சள் தண்ணீர்

ராணிப்பேட்டை தோல் தொழிலுக்குப் பேர் போன ஊர். தோலைப் பதப்படுத்தக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு வேண்டும்.

அந்த உப்பைத் தயாரிக்க 1970-களில் அங்கே ஓர் ஆலை தொடங்கியது. அதன் பெயர் "தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்". சுமார் 20 ஆண்டுகள் ஓடிய அந்த ஆலை, 1990-களின் நடுவில் மூடப்பட்டது.

ஆலை மூடிவிட்டது. ஆனால் அதன் கழிவு மூடிப் போகவில்லை.

தாதுவை வறுத்து, உப்பை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய சக்கை அங்கேயே மலை போல் குவிந்து கிடந்தது. அதன் எடை 2 லட்சம் டன்னுக்கு மேல்! ஒரு லாரிக்கு 10 டன் என்று வைத்துக்கொண்டால் 20 ஆயிரம் லாரிச் சுமை!

மழை பெய்யும் போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிந்தது. மண்ணில் இறங்கியது. நிலத்தடி நீரோடு கலந்தது.

ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் குவியல் போகவில்லை. குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்து, பிள்ளை குட்டி பெற்று விட்டார்கள். மஞ்சள் தண்ணீர் மட்டும் வடிந்து கொண்டே இருந்தது.

ஒரே உலோகம், இரண்டு குணம்!

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு.

ஒன்று, "ஆறாம் நிலை"க் குரோமியம். மஞ்சள் நிறம் கொடுப்பது இதுதான். இது பொல்லாதது. தோலில் பட்டால் புண்ணாக்கும். தூளாகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும்.

இன்னொன்று, "மூன்றாம் நிலை"க் குரோமியம். இது சாது. விஷத் தன்மை மிகமிகக் குறைவு.

இரண்டுக்கும் இன்னொரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி சர்க்கரையைப் போடுங்கள். கரைந்துவிடும். தண்ணீர் போகும் இடமெல்லாம் சர்க்கரையும் போகும். இன்னொரு சொம்பில் ஒரு பிடி மணலைப் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்து விடும்.

ஆறாம் நிலைக் குரோமியம் சர்க்கரையைப் போல் கரைகிறது. ஊர் ஊராகப் போகிறது. மூன்றாம் நிலைக் குரோமியம் மணலைப் போல் உட்கார்ந்து விடுகிறது. மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே, பொல்லாத குரோமியத்தைச் சாதுவாக மாற்றிவிட்டால் போதும். பூமியைத் தோண்ட வேண்டியதில்லை. விஷம் இருந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

அப்படி மாற்றுவது யார்? இங்கேதான் கிருமிகள் வருகின்றன.

ஒரு கிலோ மண்ணுக்கு 50 கிராம் பாகு

சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்கள்.

கிருமிகளைத் தேடி அவர்கள் வெளிநாட்டுக்குப் போகவில்லை. ராணிப்பேட்டை ஆலை இருந்த இடத்து மண்ணையே எடுத்து வந்தார்கள். அந்த விஷ மண்ணிலும் சில கிருமிகள் உயிரோடு இருந்தன! விஷத்தோடு பழகி, விஷத்தோடு வாழக் கற்றுக்கொண்ட கிருமிகள் அவை. அவற்றைப் பிரித்தெடுத்து, சோதனைச் சாலையில் பெருக வைத்தார்கள்.

வேலை செய்யக் கிருமிகளுக்குச் சாப்பாடு வேண்டும் அல்லவா? விலை குறைந்த சாப்பாடாக இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகு. "மொலாசஸ்" என்பார்களே, அதுதான்.

கரியமாணிக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய நாட்களில் கரும்பு வண்டியோடு போனவர்களுக்கு அந்தப் பாகின் வாடை தெரியும். சர்க்கரையைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பிசின் அது.

சோதனையில் கிடைத்த கணக்கு இது:

ஒரு கிலோ விஷ மண். அதில் 5.6 கிராம் பொல்லாத குரோமியம். அதோடு 15 கிராம் கிருமியும், 50 கிராம் பாகும் சேர்த்தார்கள்.

20 நாட்கள் ஆயின. பொல்லாத குரோமியம் முழுவதும் சாதுக் குரோமியமாக மாறிவிட்டது!

இந்த முடிவு 2005-ம் ஆண்டு வெளியாயிற்று.

அதன் பிறகு நிலத்தடி நீருக்கும் ஒரு வழி கண்டார்கள். நீர் ஓடும் பாதையில், மண்ணுக்குள் கிருமிகளால் ஒரு "சுவர்" வைப்பதுதான் அது. தண்ணீர் அந்தச் சுவருக்குள் புகுந்து போகும். விஷம் மட்டும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முன்னோடிச் சோதனையில் 10 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரே போதுமானதாக இருந்தது. ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குரோமியம் கலந்த நீரை அது தடுத்து நிறுத்தியது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் போல் ஆயிரம் மடங்கு விஷத்தைத் தடுத்திருக்கிறது இந்தச் சுவர்! இது வெளியானது 2011-ம் ஆண்டு.

பாகுக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சோறு சாப்பிடுகிறோம். மூச்சு விடுகிறோம். காற்றில் உள்ள பிராண வாயு, சாப்பிட்ட உணவை உடம்புக்குள் மெதுவாக "எரிக்கிறது". அதில்தான் நமக்குச் சக்தி பிறக்கிறது.

பூமிக்கடியில் வாழும் கிருமிக்கும் சாப்பாடு வேண்டும். ஆனால் ஆழத்தில் பிராண வாயு கிடைப்பது அரிது. அது என்ன செய்யும்?

பிராண வாயுவுக்குப் பதிலாக வேறு பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் துரு கிடைத்தால் துருவை வைத்துச் "சுவாசிக்கும்". குரோமியம் கிடைத்தால் குரோமியம். யுரேனியம் கிடைத்தால் யுரேனியம்!

சாப்பாட்டிலிருந்து வரும் எலெக்ட்ரான் என்ற நுண்ணிய மின் துகளை, கிருமி அந்த உலோகத்தின் மேல் தள்ளிவிடுகிறது. எலெக்ட்ரானை வாங்கிக்கொண்ட உலோகம் குணம் மாறுகிறது. ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆறாம் நிலை யுரேனியம் நான்காம் நிலைக்கு வந்து, கரையாமல் கீழே படிந்துவிடுகிறது.

பாகு அதிகமாகக் கிடைத்தால் கிருமிகள் அதிகமாகப் பெருகும். இருக்கிற பிராண வாயு சீக்கிரம் தீர்ந்து போகும். பிறகு உலோகத்தைத்தான் நாட வேண்டும். விஞ்ஞானிகள் செய்வது இவ்வளவுதான். விருந்து வைக்கிறார்கள், வேலையைக் கிருமிகளே பார்த்துக்கொள்கின்றன.

அமெரிக்காவில் காடியும் சாராயமும்!

இப்படி உலோகத்தைச் சுவாசிக்கும் கிருமிகளில் பேர் போனது "ஜியோபாக்டர்". 1987-ம் ஆண்டு அமெரிக்காவில், போட்டோமாக் ஆற்றின் சேற்றிலிருந்து இது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் டெரக் லவ்லி என்ற விஞ்ஞானி. இந்தக் கிருமி யுரேனியத்தையும் படிய வைக்கும் என்று 1991-ம் ஆண்டு அவரும் அவர் தோழர்களும் அறிவித்தார்கள்.

சோதனைச் சாலையில் செய்தது வயல்வெளியிலும் பலிக்குமா?

கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்று ஓர் ஊர். அங்கே ஒரு காலத்தில் யுரேனியத் தாது அரைக்கும் ஆலை இருந்தது. ஆலை போன பிறகும் நிலத்தடி நீரில் யுரேனியம் நின்றது. 2002-ம் ஆண்டு அங்கே பூமிக்குள் குழாய்களை இறக்கி, "அசிடேட்" என்ற உப்பைச் செலுத்தினார்கள். சமையலுக்கு உதவும் காடிக்கு அது நெருங்கிய சொந்தம்.

9 நாட்களிலேயே யுரேனியம் குறையத் தொடங்கியது. 50 நாட்களுக்குள் சில கிணறுகளில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜியோபாக்டர் கிருமிகள் குறைந்து, வேறு வகைக் கிருமிகள் அந்த விருந்தில் புகுந்துவிட்டன. நீரில் யுரேனியம் மறுபடி கூடியது. பந்தியில் யார் உட்கார்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் அப்போது தெரிந்து கொண்டார்கள்.

டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் பூமிக்குள் எத்தனால் செலுத்தினார்கள். எத்தனால் என்றால் சாராயத்தின் சத்து! அங்கே யுரேனியம், லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்புக்கும் கீழே வந்தது. பிறகு அங்கேயே சமையல் எண்ணெயைப் பால் போலக் கலக்கிச் செலுத்தியும் பார்த்தார்கள். எண்ணெய் மெதுவாகக் கரைவதால் கிருமிகளுக்குப் பல மாதங்கள் சாப்பாடு கிடைத்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்போர்டு என்ற இடம், அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம். அங்கேயும் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருந்தது. 2004-ம் ஆண்டு அங்கே செலுத்தியது, தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் பொருள். அதிலும் குரோமியம் அடங்கியது.

பாகு, காடி, சாராயம், எண்ணெய், தயிர்ப் புளிப்பு! அடுப்பங்கரைச் சாமான்களாலேயே அணுக் கழிவுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது.

அணுக் கதிருக்கும் அசையாத கிருமி

அணுக் கழிவு நிறைந்த இடத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும்? கதிர்வீச்சு பட்டுச் செத்துவிடாதா?

பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் ஒரு முரட்டுக் கிருமி இருக்கிறது. பெயர் "டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ்".

1956-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தில், டின்னில் அடைத்த இறைச்சி கெடாமல் இருக்க அதன் மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எல்லாக் கிருமிகளும் செத்திருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் இறைச்சி கெட்டது! உள்ளே இருந்தது இந்தக் கிருமி.

மனிதனைக் கொல்லக் கூடிய கதிர்வீச்சைப் போல் ஆயிரம் மடங்கு பாய்ந்தாலும் இது தாங்கிக்கொள்கிறது. கதிர்வீச்சில் இதன் மரபுப் பொருள் துண்டு துண்டாகக் கிழிந்து போகிறது. கிழிந்ததைத் தானே தைத்துக்கொண்டு மறுபடி எழுந்து விடுகிறது!

நம் நாட்டு விஞ்ஞானிகள் இந்தக் கிருமிக்கு ஒரு புது வித்தை கற்றுக் கொடுத்தார்கள். மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில், ஸ்ரீகுமார் ஆப்தே என்ற விஞ்ஞானியின் குழுவினர் அதைச் செய்தார்கள். டைபாய்டுக் கிருமியிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்தார்கள். முரட்டுக் கிருமிக்குள் அதைப் பொருத்தினார்கள்.

அந்த மரபணு நோய் கொடுப்பது அல்ல. பாஸ்பேட்டைப் பிரித்து விடும் ஒரு பொருளைச் சுரக்க வைப்பது. பிரிந்து வரும் பாஸ்பேட், நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கட்டியாகப் படிந்து விடும்.

6 மணி நேரத்தில், கரைந்திருந்த யுரேனியத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் படிந்துவிட்டது. கடுமையான கதிர்வீச்சைப் பாய்ச்சிய பிறகும் கிருமி வேலையை நிறுத்தவில்லை. இது 2006-ம் ஆண்டு வெளியானது.

திருச்சியிலிருந்து போன கடல் உயிர்

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டு நுண்ணுயிர் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடலில் வாழும் நீலப் பச்சைப் பாசிகளைச் சேகரித்து வளர்க்கும் தேசிய மையம் இருக்கிறது. அங்கே வளர்த்த ஒரு நுண் பாசியை மும்பை விஞ்ஞானிகள் வாங்கிச் சோதித்தார்கள். யுரேனியம் கலந்த நீரில் அதை விட்டார்கள்.

ஒரே மணி நேரத்தில் 100-க்கு 72 பங்கு யுரேனியத்தை அது தன் மேல் ஒட்டவைத்துக் கொண்டது! 2009-ம் ஆண்டு இந்தச் செய்தி வெளியாயிற்று.

கதிர்வீச்சு மறைந்து விடுமா?

மறையாது.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கிருமியாலும் கதிர்வீச்சை அணைக்க முடியாது. யுரேனியம் யுரேனியமாகத்தான் இருக்கும். அதில் பாதி தானாக அழிவதற்கே சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகும்!

கிருமி செய்வது அதை ஓடாமல் கட்டிப் போடுவதுதான். தண்ணீரில் கலந்து குடத்துக்கு வருவது தடுக்கப்படுகிறது.

போட்ட கட்டு அவிழவும் கூடும். பூமிக்குள் மறுபடி பிராண வாயு புகுந்தால் யுரேனியம் திரும்பக் கரையும். வயலுக்குப் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் கீழே இறங்கினாலும் அப்படி ஆகலாம். அதனால் ஒரு தடவை பாகு ஊற்றிவிட்டுப் போய்விட முடியாது. ஆண்டுக் கணக்கில் கிணறுகளைச் சோதித்துக் கொண்டே இருக்க வேண்டும்.

ராணிப்பேட்டைக் குவியலுக்கும் இந்த வைத்தியம் மட்டும் போதாது. அந்தச் சக்கை மிகவும் காரமானது, சுண்ணாம்பைப் போன்றது. அதற்குள் கிருமி பிழைப்பதே கடினம். குவியலை முறைப்படி அகற்ற வேண்டும். அல்லது மழை நீர் புகாதபடி மூட வேண்டும். அதற்குப் பிறகு, சுற்றிலும் கெட்டுப்போன மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் கிருமி வைத்தியம்.

செலவும் சின்னது அல்ல. சோதனைச் சாலைக் கணக்கின்படி ஒரு டன் மண்ணுக்கு 50 கிலோ பாகு வேண்டும். 2 லட்சம் டன் மண்ணைச் சுத்தம் செய்வதென்றால் 10 ஆயிரம் டன் பாகு ஆகும்!

சொந்தக் கிணற்றில் பாகு ஊற்றலாமா?

கூடவே கூடாது!

குடிநீர்க் கிணற்றில் பாகையோ சர்க்கரையையோ கொட்டினால் எல்லாக் கிருமிகளும் பெருகும். தண்ணீர் நாறிப் போகும். நோயும் வரும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மேற்கு வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்கள் ஆர்செனிக் என்ற பாஷாணம் கலந்த குழாய்க் கிணற்று நீரைக் குடித்து அவதிப்பட்டார்கள். அங்கே பூமிக்குள் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்தது அந்தப் பாஷாணம். துருவைச் சுவாசிக்கும் கிருமிகள் துருவைக் கரைத்துவிட்டன. பாஷாணம் தண்ணீரில் கலந்தது.

ஓரிடத்தில் விஷத்தைக் கட்டிப் போடும் அதே வகைக் கிருமி, இன்னோரிடத்தில் விஷத்தை அவிழ்த்து விடுகிறது! எந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. இது நிபுணர்களின் வேலை.

குடும்பங்கள் செய்யக் கூடியது

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் சாகும். உலோக விஷம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கண்ணால் பார்த்தும் தெரியாது. மிக அதிகமாக இருந்தால்தான் குரோமியம் மஞ்சளாகக் காட்டும். யுரேனியமும் ஆர்செனிக்கும் நிறமே காட்டுவதில்லை. ஆகவே புதிதாகப் போர் போட்டவர்கள் தண்ணீரை ஒரு தடவை அரசாங்கச் சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர் வற்றிய பழைய கிணற்றைக் குப்பைத் தொட்டி ஆக்கக் கூடாது. பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்துப் புட்டி எதையும் அதில் போடக் கூடாது. கைவிட்ட போர் குழிகளை மூடிவிட வேண்டும். அந்தக் குழிகள், மேலே இருக்கும் அழுக்கு நேராக ஊற்றுக்குப் போகும் வழி.

ராணிப்பேட்டையில் விஷத்தைக் கொட்ட 20 ஆண்டுகள் ஆயின. அதைச் சுத்தப்படுத்த எத்தனையோ விஞ்ஞானிகளும், கோடிக்கணக்கான கிருமிகளும் தேவைப்படுகிறார்கள். கரியமாணிக்கத்துக்கும், பாகூருக்கும், வில்லியனூருக்கும் அந்தச் செலவு வராமல் இருக்க வேண்டுமானால், இன்றைக்கு நல்ல தண்ணீர் கொடுக்கும் ஊற்றுக்குள் விஷம் இறங்காமல் காவல் இருக்க வேண்டும்.